வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம்: எந்த விசாவில் செல்வது?

செம்பூர் உலோகவியலாளர்:

மும்பைத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். உடைந்த இயந்திரப் பாகங்களை ஆராய்ந்து, அவை ஏன் உடைந்தன என்று அறிக்கை எழுதுவது என் தொழில். துர்பே தொழிற்பேட்டையில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை 28 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இங்குள்ள நீதிமன்றங்களில் பலமுறை சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறேன். வெளிநாட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைப்பு வந்திருப்பது இதுவே முதல் முறை.

சரக்குக் கப்பல் ஒன்றின் கிராங்க்ஷாஃப்ட், அதாவது இயந்திரத்தின் முதன்மைச் சுழல்தண்டு, நடுக்கடலில் முறிந்தது தொடர்பாக லண்டன் வணிக நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. கப்பல் உரிமையாளர் தரப்பு சாலிசிட்டர்கள் (வழக்கைத் தயாரித்து நடத்தும் வழக்கறிஞர்கள்) என்னை நியமித்தார்கள். உலோகவியல் நிபுணர் சாட்சியத்துக்கு நீதிமன்றமும் அனுமதி அளித்துவிட்டது. என் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். விசாரணை பிப்ரவரியில். அதற்கு முன்பு டிசம்பரில், சவுத்தாம்ப்டனில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் முறிந்த முகப்புகளை இரு தரப்பு நிபுணர்களும் சேர்ந்து பார்வையிட வேண்டும் என்கிறார்கள். இதற்கிடையே, அதே வகை இயந்திரத்தைப் பற்றி ஹூஸ்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடக்கும் வேறொரு வழக்குக்காகவும் ஒரு வழக்கறிஞர் என்னை அணுகியிருக்கிறார்.

என் சந்தேகங்கள் இவைதாம். பிரிட்டனில் நிபுணர் சாட்சிக்கென்று தனி விசா உண்டா, அல்லது வருகையாளர் விசாவே போதுமா? சாட்சியத்துக்குக் கட்டணம் வாங்குவதால் அது அங்கே வேலை செய்ததாகக் கணக்காகுமா? சவுத்தாம்ப்டன் ஆய்வுக்கும் அதே விசா செல்லுமா? டல்லாஸில் இருக்கும் மகளைப் பார்ப்பதற்காக எடுத்த அமெரிக்க பி-1/பி-2 விசா இன்னும் செல்லுபடியாகிறது. அதை ஹூஸ்டன் வழக்குக்குப் பயன்படுத்தலாமா? எங்கள் பகுதிப் பயண முகவரைக் கேட்டபோது, இரண்டுக்குமே "சுற்றுலா, உறவினரைச் சந்தித்தல்" என்று எழுதிவிடுங்கள், நீதிமன்றம் என்ற சொல்லைக் கண்டால் அதிகாரிகள் வீணாகத் துருவுவார்கள் என்றார். அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாட்டுங்கா வழக்கறிஞர்:

வணக்கம் அம்மா. கோட்டைப் பகுதியில் உள்ள ஓர் அலுவலகத்தில் கப்பல் வழக்குகளைக் கவனித்து வருகிறேன். லண்டன் வழக்குகளுக்கு இங்கிருந்து சாட்சிகளை அனுப்பிய அனுபவம் உண்டு என்பதால் பிரிட்டன் பகுதிக்கு நான் விடை சொல்கிறேன். அமெரிக்காவைப் பற்றி அங்கே போய் வந்தவர்கள் எழுதட்டும்.

நிபுணர் சாட்சிக்கென்று பிரிட்டனில் தனி விசா கிடையாது; தேவையும் இல்லை. ஸ்டாண்டர்ட் விசிட்டர் எனப்படும் வருகையாளர் விசாவின் விதிகளில், வந்தவர் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் ஒன்று உள்ளது. பிரிட்டிஷ் நீதிமன்றம் ஒன்றில் சாட்சியம் அளிப்பதற்காக நிபுணர் சாட்சி வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த வரியில், மற்ற சாட்சிகளைப் பொறுத்தவரை, நீதிமன்றம் நேரில் வருமாறு சம்மன் அனுப்பியிருந்தால் விசாரணைக்கு வரலாம் என்று உள்ளது. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்த கப்பல் பொறியாளருக்குச் சம்மன் தேவை. நிபுணராகிய உங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே விசா அதிகாரி சம்மன் நகலை எதிர்பார்ப்பாரோ என்று அஞ்சி அதற்காக அலைய வேண்டாம். சாலிசிட்டர் தரும் கடிதமும், நிபுணர் சாட்சியத்துக்கு அனுமதி தந்த நீதிமன்ற ஆணையின் நகலும் இருந்தால் போதும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பெர்மிட்டட் பெய்ட் என்கேஜ்மென்ட் என்று ஓர் ஏற்பாடு முன்பு தனி விசாவாக இருந்து, 2024 ஜனவரி 31 முதல் வருகையாளர் விசாவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. முன்கூட்டியே ஏற்பாடான பணியை, நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் செய்து முடித்து, அதற்கு அங்கேயே ஊதியம் பெறலாம் என்பது அதன் சாரம். நீதிமன்றத்திலோ நடுவர் மன்றத்திலோ (இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் இடம்) வாதாட வரும் வழக்கறிஞர், மாணவர்களைத் தேர்வு செய்ய வரும் பேராசிரியர், விரிவுரை ஆற்ற வரும் வல்லுநர் போன்றோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நிபுணர் சாட்சி அதில் இல்லை. வழக்கறிஞருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை தமக்கும் உண்டென்று எண்ணி, விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுவிட்டுச் சிக்கிக்கொண்டவர்களை நான் அறிவேன். நீங்கள் சாதாரண வருகையாளர். செய்யப்போவது பட்டியலில் அனுமதிக்கப்பட்ட செயல். அப்படியே எழுதுங்கள்.

சவுத்தாம்ப்டன் ஆய்வைப் பற்றி: கூட்டங்களில் கலந்துகொள்வதும், இடத்தையோ பொருளையோ நேரில் பார்த்து ஆய்வு செய்வதும் அதே விசாவின் பொதுவான வணிகச் செயல்களில் அடங்கும். இரு தரப்பு நிபுணர்களும் கலந்து பேசி, எதில் ஒத்துப்போகிறோம், எதில் மாறுபடுகிறோம் என்று கூட்டறிக்கை எழுதுவது ஆங்கிலேய உரிமையியல் நடைமுறையின் 35-ஆம் பகுதியில் சொல்லப்பட்ட வழக்கமே. ஆனால் பார்ப்பது வேறு, அங்கே அமர்ந்து நீங்களே மாதிரியை வெட்டி, மெருகேற்றி, மின்னணு நுண்ணோக்கியில் நாள்கணக்கில் சோதனை நடத்துவது வேறு. இரண்டாவது, அந்த ஊர் ஆய்வுக்கூடப் பணியாளர் செய்ய வேண்டிய வேலை என்று ஓர் அதிகாரி கருத இடம் உண்டு. வெட்டும் வேலையை அங்குள்ள ஆய்வுக்கூடத்தாரிடமே விட்டுவிட்டு, நீங்கள் உடனிருந்து பாருங்கள். படங்களையும் தரவுகளையும் வாங்கிக்கொண்டு வந்து துர்பேயில் ஆராயுங்கள். கடிதத்திலும் "கூட்டுப் பார்வையிடல்" என்றே இருக்கட்டும்.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பயணத் தேதிக்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும்; முடிவு வழக்கமாக 3 வாரங்களில் வரும். உங்களுக்கு டிசம்பரிலும் பிப்ரவரியிலும் பயணம் இருப்பதால், 6 மாத விசா இரண்டையும் தாங்கும். ஆனால் வழக்குகள் ஒத்திவைக்கப்படுவது எந்த நாட்டிலும் புதிதல்ல. பிப்ரவரி ஜூலை ஆகிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டு விசாவுக்கு விண்ணப்பிப்பதே எங்கள் அலுவலகத்தில் நாங்கள் தரும் ஆலோசனை. கட்டணம் கூடுதல், ஆனால் ஓர் ஒத்திவைப்பிலேயே அந்தக் காசு மிச்சமாகிவிடும்.

தாணே பயணி:

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் என் உறவினர் ஒருவர் வருகையாளர் விசாவில் சென்று, ஒரு நிறுவனத் தகராறில் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பினார். "சுற்றுலா" என்றுதான் எழுதியிருந்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்தக் காரணமானாலும் அதே விசாதான் என்னும்போது, காரணத்தை எப்படி எழுதினால் என்ன? முகவர் சொன்னதில் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முலுண்ட் எலும்பு மருத்துவர்:

மேலே எழுதிய நண்பருக்கு மரியாதையுடன் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த எண்ணத்தின் விலையை நான் கொடுத்திருக்கிறேன்.

நான் எலும்பு முறிவு அறுவை மருத்துவன். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், காயமடைந்தவருக்கு மும்பையில் நான் செய்த சிகிச்சையைப் பற்றியும் அவருடைய எதிர்கால இயலாமையைப் பற்றியும் கருத்துரைக்க அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டேன். என்னிடம் பத்தாண்டு பி-1/பி-2 விசா இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரி "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டபோது, நீண்ட பயணக் களைப்பில், "மகன் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். அது பொய் அன்று. வழக்கு முடிந்ததும் மகன் வீட்டில் ஒரு வாரம் தங்குவதாகத்தான் இருந்தேன். ஆனால் அது முழு உண்மையும் அன்று. மூன்றாம் நாள், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் பிரமாணத்தின் பேரில் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: "இந்த நாட்டுக்குள் நுழையும்போது வந்த நோக்கம் என்னவென்று சொன்னீர்கள்?" உள்ளதைச் சொன்னேன். அடுத்த கேள்வி: "அப்படியானால் அதிகாரியிடம் முக்கியமான செய்தியை மறைத்தீர்கள், இன்று எங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்கிறீர்கள், அப்படித்தானே?" முப்பது ஆண்டு அறுவை அனுபவம், நூற்றுக்கணக்கான எக்ஸ்ரே படங்கள், கவனமாக எழுதிய அறிக்கை எல்லாம் அந்த அறையில் ஒரு கணம் எடை இழந்து நின்றதை நான் உணர்ந்தேன். என்னை அழைத்த தரப்புக்கும் அந்த நோயாளிக்கும் நான் செய்த தீங்கு அது.

அம்மா, விசாவுக்கு நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் சாட்சிக் கூண்டுக்கு உங்களுடன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிபுணரின் மூலதனம் அவருடைய நம்பகத்தன்மை ஒன்றுதான்; அதை விசா விண்ணப்பத்திலேயே செலவழித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே எடுத்துவைக்க ஒன்றும் இருக்காது.

இனி அமெரிக்க நடைமுறை. உங்கள் பி-1/பி-2 விசா ஹூஸ்டனுக்குச் செல்லும். புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. வழக்கு நடவடிக்கைகளுக்காக வருவது பி-1, அதாவது வணிக வருகை. மகளைப் பார்ப்பது பி-2. இரண்டும் ஒரே ஸ்டிக்கரில் இருந்தாலும், எந்த வகையில் உள்ளே விடுவது என்பதை நுழைவாயில் அதிகாரிதான் முடிவு செய்கிறார். வழக்கறிஞரின் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம், அதன் பிறகு மகள் வீடு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் ஐ-94 எனப்படும் உங்கள் நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, அதில் பி-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் சாட்சியத்துக்கு முன்பே திருத்தக் கேட்கலாம்.

பணத்தைப் பற்றி இன்னும் கவனம் தேவை. பி-1 வகையில் வருபவர் அமெரிக்காவிலிருந்து சம்பளம் வாங்கக் கூடாது; பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கான நியாயமான செலவை ஏற்றுக்கொள்ளலாம். ஆகவே ஒப்பந்தம் உங்கள் மும்பை ஆய்வுக்கூடத்துடன் இருக்க வேண்டும், வேலையின் பெரும்பகுதி இங்கே நடக்க வேண்டும், பணம் இங்குள்ள கணக்குக்கு வர வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். சாட்சி சொல்லும் நாட்களுக்கான கட்டணத்தை எப்படி அமைப்பது என்பதை அந்த வழக்கறிஞரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டாட்சி உரிமையியல் விதி 26-இன்படி, நியமிக்கப்பட்ட நிபுணர் தம் அறிக்கையோடு, கடந்த 4 ஆண்டுகளில் சாட்சி சொன்ன வழக்குகளின் பட்டியலையும், இந்த வழக்குக்காகப் பெறும் கட்டண விவரத்தையும் எதிர்த் தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். உங்கள் கட்டணம் ரகசியம் அல்ல. எதிர்த் தரப்பு மேசையில் இருக்கும். அங்கே ஒரு தொகையும் விசா அதிகாரியிடம் வேறு கதையும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லண்டன் வழக்கு முதலில் முடிந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

விசாவே மறுக்கப்பட்டவர்களுக்குக் கடைசி வழியாக பரோல் என்று ஒன்று உண்டு; விசா இல்லாமலே தற்காலிகமாக உள்ளே விடும் அனுமதி அது. நீதிமன்றத்திலோ நாடாளுமன்றக் குழுவிலோ சாட்சி சொல்ல வேண்டியவர்களை அந்த அடிப்படையில் அனுமதிக்கலாம் என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது.

கனடாவுக்கும் ஒருமுறை சென்றிருக்கிறேன். அங்கே சட்டம் மிகத் தெளிவு. அவர்களுடைய குடியேற்ற விதிகளின் 186-ஆம் பிரிவு, பணி அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல். நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிபுணர் சாட்சி சொல்வது மட்டுமல்லாமல், அங்கே சான்றாகப் பயன்படப்போகும் ஆய்வையும் பகுப்பாய்வையும் செய்வதும் அதில் அடங்கும். உங்கள் சவுத்தாம்ப்டன் கேள்வி டொராண்டோவில் எழுந்திருந்தால் விடை சுலபமாக இருந்திருக்கும். இந்தியர்களுக்கு வருகையாளர் விசா மட்டும் வேண்டும்.

செம்பூர் உலோகவியலாளர்:

மருத்துவர் ஐயா தம் அனுபவத்தை இவ்வளவு திறந்த மனத்துடன் எழுதியதற்கு மிக்க நன்றி. முறிந்த முகப்பில் பீச் மார்க் எனப்படும் வளைகோடுகளைப் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிச் செல்வது என் அன்றாட வேலை. விண்ணப்பத்தில் விழும் ஒரு சிறு விரிசலும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. உடையும் இடம் வேறாக இருக்கும்.

வழக்கறிஞர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். ஒன்று, என் ஆய்வுக்கூடம் நான் மட்டுமே உரிமையாளராக உள்ள தனி நபர் நிறுவனம். லண்டன் சாலிசிட்டர்கள் மணிக்கணக்குக் கட்டணம் தருகிறார்கள்; சாட்சி சொல்லும் நாட்களுக்கும் உண்டு. அது பிரிட்டனிலிருந்து பெறும் ஊதியம் ஆகிவிடாதா? இரண்டு, இவ்வளவு சிக்கல் இருக்கும்போது காணொலி வழியாக இங்கிருந்தே சாட்சி சொல்ல முடியாதா? எனக்கு 61 வயது. பிப்ரவரிக் குளிர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மாட்டுங்கா வழக்கறிஞர்:

முதல் கேள்வி சரியான கேள்வி, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிரிட்டிஷ் விதிப்படி, வருகையாளர் அங்கே செய்யும் செயலுக்காகப் பிரிட்டிஷ் மூலத்திலிருந்து பணம் பெறக் கூடாது என்பது பொது விதி. அதற்கு விலக்குகள் உள்ளன. நியாயமான பயணச் செலவும் தங்கும் செலவும் ஒன்று. இன்னொன்று, வெளிநாட்டில் உள்ள உங்கள் முதலாளி நிறுவனம் பிரிட்டிஷ் நிறுவனத்துக்குச் சேவை அளிக்க ஒப்பந்தம் செய்திருந்து, அந்த வேலையின் பெரும்பகுதி வெளிநாட்டிலேயே நடந்தால், நீங்கள் அங்கே செலவிட்ட நேரத்துக்கும் இன்வாய்ஸ் போடலாம். அந்தத் தொகை உங்கள் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். "முதலாளி", "சம்பளம்" என்ற சொற்கள், தானே முதலாளியும் தானே நிபுணருமாக இருக்கும் ஒருவருக்கு எப்படிப் பொருந்தும் என்பதில்தான் உங்கள் சிக்கல். லிமிடெட் நிறுவனமாக இருந்தால் பொருத்துவது எளிது. தனி நபர் நிறுவனம் என்பதால், உங்கள் சாலிசிட்டர்கள் தங்கள் அலுவலகத்தின் குடியேற்றச் சட்டப் பிரிவிடமிருந்து இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் கருத்துப் பெற்றுத் தர வேண்டும் என்று வற்புறுத்துங்கள். நிபுணரை அழைப்பவர்கள் அவர்கள். அந்தச் செலவும் வழக்கின் செலவுதான். அறிக்கைக்கான கட்டணத்தையும் கூண்டில் நிற்கும் நாட்களுக்கான கட்டணத்தையும் இன்வாய்ஸில் தனித்தனியே காட்டுவது நல்லது. வெற்றி தோல்வியைப் பொறுத்துக் கட்டணம் மாறும் என்ற வாசகம் எங்காவது இருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கட்டணத்தை நிபுணர் ஏற்கவே கூடாது என்பது உரிமையியல் வழக்கு நிபுணர்களுக்கான வழிகாட்டுதல்.

இதன் வேர் விசா விதியைவிட ஆழமானது. நிபுணரின் கடமை, பணம் கொடுத்தவருக்கு அல்ல, நீதிமன்றத்துக்கே. 1993-இல் வெளிவந்த இகாரியன் ரீஃபர் தீர்ப்பில் அந்தக் கடமைகள் வரிசையாகச் சொல்லப்பட்டன. அதுவும் ஒரு கப்பல் வழக்குத்தான். 2011-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவாகச் செயல்பட்ட நிபுணர்மீது அவரை நியமித்த தரப்பே வழக்குத் தொடரலாம் என்றும் தீர்ப்பளித்தது. "சுற்றுலா" என்று எழுதச் சொன்ன முகவருக்கு இந்தப் பின்னணி தெரிந்திருக்க நியாயமில்லை. தாணே நண்பருக்கும் இதையே சொல்வேன்: விசா ஒன்றே என்றாலும் விண்ணப்பத்தில் கேட்கப்படும் நோக்கம் ஒன்றல்ல. தெரிந்தே தவறான தகவல் தந்தார் என்று பிரிட்டிஷ் அதிகாரி முடிவு செய்தால் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படும். அமெரிக்காவில் அந்தத் தடைக்குக் கால வரம்பே இல்லை, தனி விலக்கு வாங்கினால்தான் உண்டு. உங்கள் உறவினரிடம் யாரும் கேட்காதது அவருடைய நல்வினை.

காணொலியைப் பற்றி. நம் ஊர் நீதிமன்றங்களுக்கு அது புதிதல்ல. மும்பையில் நடந்த மருத்துவ வழக்கு ஒன்றில், நியூயார்க்கிலிருந்த மருத்துவர் சாட்சி சொல்லத் தயார், ஆனால் இந்தியாவுக்கு வரத் தயாரில்லை என்று சொன்னபோது, அவரைக் காணொலியில் விசாரிக்கலாம் என்று 2003 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உங்கள் நிலை அதன் மறுபக்கம். வேறொரு நாட்டின் நீதிமன்றம் இந்திய மண்ணில் இருப்பவரைத் திரை வழியாக விசாரிக்கும்போது, இந்தியா தன் மண்ணில் அயல்நாட்டு விசாரணை நடப்பதை ஏற்கிறதா என்ற கேள்வி எழுகிறது. எல்லா அரசுகளும் இதை அனுமதிக்கும் என்று கருதிவிடக் கூடாது என்று ஆங்கிலேய நடைமுறை வழிகாட்டுதலே எச்சரிக்கிறது. உரிய விசாரிப்பைச் செய்ய வேண்டியது காணொலியைக் கேட்கும் தரப்பு. வெளிநாட்டில் சான்று பெறுவதைப் பற்றிய 1970-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் சேர்ந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் அதில் உள்ளன. ஆனால் அந்த வழியில் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, இங்குள்ள நீதிமன்றம் வழியாகச் சாட்சியம் பெறுவதற்குள் உங்கள் பிப்ரவரி கடந்துவிடும்.

காணொலிக்கு அனுமதி கிடைத்தாலும், என் தனிப்பட்ட கருத்து, கிராங்க்ஷாஃப்ட் வழக்கில் நேரில் போவதே நல்லது என்பதுதான். முறிந்த துண்டை நீதிபதியின் முன் மேசையில் வைத்து, "விரிசல் தொடங்கிய இடம் இது" என்று விரலால் காட்டும் நிபுணருக்கும், திரையில் படத்தைக் காட்டும் நிபுணருக்கும் வேறுபாடு உண்டு. இரு தரப்பு நிபுணர்களையும் ஒரே நேரத்தில் அமர்த்திக் கேள்வி கேட்கும் முறையும் அங்கே உண்டு. எதிராளி நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்திருக்க, நீங்கள் திரையில் மட்டும் இருப்பது சமமாக இராது. அமெரிக்காவிலோ, நீதிமன்ற அறைக்கு வெளியிலிருந்து சாட்சி சொல்ல வலுவான காரணம் காட்ட வேண்டும் என்று கூட்டாட்சி விதி 43 கேட்கிறது. முழங்கால் வலி அதற்குப் போதுமா என்பது நீதிபதியைப் பொறுத்தது. லண்டனில் காணொலி கிடைத்தால், பிப்ரவரியில் அங்கே காலை 10.30 மணி நமக்கு மாலை 4 மணி. இரவு 10 மணி வரை குறுக்கு விசாரணை நீடிக்கலாம்.

நெருள் கடற்பொறியாளர்:

நான் கப்பல் இயந்திரப் பொறியாளன். நீதிமன்றம் வேறு, நடுவர் மன்றம் வேறு என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனெனில் கப்பல் தகராறுகளில் பாதிக்கு மேல் நடுவர்களிடம்தான் போகின்றன என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் காண்பது.

சிங்கப்பூரில் நடுவர் விசாரணை ஒன்றுக்காகச் சென்றபோது, பணி அனுமதி தேவையில்லாத செயல்கள் என்று அவர்களுடைய மனிதவள அமைச்சகம் வைத்திருக்கும் பட்டியலில் நடுவர் விசாரணை தொடர்பான சேவையும் இருந்தது. இந்தியர்களுக்கு நுழைவு விசா வேண்டும். அங்கே இறங்கிய பிறகு, வேலையைத் தொடங்கும் முன் அமைச்சகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். நான் அந்த அறிவிப்பை ஹோட்டல் அறையில் பத்து நிமிடத்தில் முடித்தேன். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வழக்கறிஞர் ஐயா மேலே எடுத்துக்காட்டிய பிரிட்டிஷ் விதியில் "பிரிட்டிஷ் நீதிமன்றம்" என்றுதானே இருக்கிறது? லண்டனில் நடுவர் மன்றத்துக்குப் போகும் நிபுணருக்கு அது அப்படியே பொருந்துமா?

மாட்டுங்கா வழக்கறிஞர்:

நல்ல கவனிப்பு, ஐயா. எழுத்துப்படி அது நீதிமன்றத்தைத்தான் சொல்கிறது. நடுவர் மன்றத்துக்குச் செல்பவர் அந்த ஒரு வரியை நம்பாமல், கூட்டத்தில் கலந்துகொள்ளுதல் போன்ற மற்ற அனுமதிகளுடன் சேர்த்து ஆலோசனை பெற்றே விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான்: குற்ற வழக்குச் சாட்சிக்கு அரசின் சான்றிதழோடு வரும் தனி விசா உண்டு, உரிமையியல் வழக்கு நிபுணருக்கு அது கிடையாது, குறுகிய கால வல்லுநர்களுக்கான 400-ஆம் வகை விசா பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அம்மாவின் வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் இந்தக் கவலை அவருக்கு இல்லை.

செம்பூர் உலோகவியலாளர்:

அனைவருக்கும் நன்றி. நேரிலேயே செல்வது என்று முடிவு செய்துவிட்டேன். இன்று மாலை சாலிசிட்டர்களுக்கு எழுதினேன். கடிதத்தில் வழக்கின் எண், நீதிமன்றத்தின் பெயர், நிபுணர் சாட்சியத்துக்கு அனுமதி தந்த ஆணையின் தேதி, டிசம்பர் பார்வையிடல் எங்கே, எத்தனை நாள், பிப்ரவரி விசாரணை, பயணச் செலவை யார் ஏற்கிறார்கள், கட்டணம் எந்தக் கணக்குக்கு எந்த வேலைக்காக வருகிறது, முடிந்ததும் நான் மும்பை திரும்பி ஆய்வுக்கூடப் பணியைத் தொடர்வேன் என்பவை இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தனி நபர் நிறுவனக் கேள்விக்கு எழுத்துக் கருத்தும் கேட்டிருக்கிறேன். மகளிடமும் பேசினேன், ஹூஸ்டன் வழக்கு உறுதியானால், சாட்சியம் முடிந்த பிறகுதான் டல்லாஸுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தில் விட்டுப்போனது ஏதேனும் உண்டா?

மாட்டுங்கா வழக்கறிஞர்:

ஒன்று உண்டு. விசாரணை தள்ளிப்போகலாம் என்ற வரியையும், அதனால்தான் இரண்டு ஆண்டு விசா கேட்கப்படுகிறது என்பதையும் அவர்களே கடிதத்தில் எழுதட்டும். டிசம்பர் பார்வையிடலில் வெட்டுதலும் சோதனையும் ஆய்வுக்கூடப் பணியாளர்களே செய்வார்கள் என்பதையும் ஒரு வாக்கியமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கடிதம் கையில் வந்ததும், செப்டம்பரில், விண்ணப்பத்தை நிரப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள் அம்மா. மாட்டுங்காவிலிருந்து செம்பூர் தொலைவில்லை.